ரெகொபெயாமுக்குத் தங்கச்சி இருந்தாளா?

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகு சென்ட் லோரன்ட் ஜெபக்கூடத்தில் அண்ணைதான் போதகர். குரல் அச்சு அசல் உங்களுடையது. முதல் ஞாயிறு அதைக் கேட்டு அழுதேன். இப்போது அதே குரல் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

பழைய இஸ்ரவேலின் அரசர்களை நீங்கள் ஊர்வம்பு மாதிரிச் சொல்லுவீர்கள். "சவுல் கழுதை தேடிப் போய் ராசா ஆனவன். நான் வேலை தேடி இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து போதகர் ஆனனான்" என்று சிரிப்பீர்கள். ஆடு மேய்த்த தாவீது அரசைப் பெருக்கினான், அவன் மகன் சாலொமோன் பொன்னிழைத்து ஆலயம் கட்டினான். அந்த இடத்தில் உங்கள் சிரிப்பு நின்றுவிடும். "கல்லுச் சுமந்தது ஆர்?" என்று கேட்பீர்கள்.

எங்கள் கூடத்துக்கு யார் சுமந்தது அப்பா? தொழிற்சாலையில் நின்று களைத்தவர்கள், டவுன்டவுன் சாப்பாட்டுக்கடைக் குசினிகளில் கோப்பை கழுவியவர்கள். அந்தப் பழைய கிடங்கைக் கூடமாக்கச் சனிக்கிழமைதோறும் வந்தார்கள். உங்கள் முகத்துக்காக ஒருவரும் ஏலாது என்று வாய் திறக்கவில்லை.

போன ஞாயிறு வாய் திறந்தார்கள். அண்ணை இப்போது மேல்மாடியும் கட்டப்போகிறார்; அதற்கும் சனிக்கிழமைதோறும் வரச் சொன்னார். ஆராதனை முடிய, உங்களோடு முதல் நாள் குப்பை அள்ளிய செல்வம் மாமா எழும்பினார்.

"தம்பி, சனத்துக்கு ஏலாமல் கிடக்கு. சனிக்கிழமையையாவது விடுங்கோ."

"தன்மையாக் கதையுங்கோ" என்று மூத்தவர்கள் அண்ணையின் காதில் சொன்னார்கள். அவரோ தன்னோடு வளர்ந்த சிநேகிதர்களைப் பார்த்தார். அவர்கள் சிரித்தார்கள்.

"அப்பா உங்களுக்குச் செல்லம் குடுத்துப் பழக்கிப்போட்டார். என்னட்டை அது சரிவராது. இனி ஞாயிறு பின்னேரமும் வேலைக்கு வாங்கோ."

சாலொமோனின் மகன் ரெகொபெயாமும் இப்படித்தானே பேசினான்? பாரத்தைக் குறையுங்கள் என்று வந்த சனத்திடம் கூட்டுவேன் என்றான். அரசு இரண்டாகப் பிளந்தது. பிளந்த இரண்டையும் பிறகு வெளியார் வந்து ஒவ்வொன்றாக விழுங்கினார்கள். இந்தக் கதையை உங்கள் வாயால் கேட்டு வளர்ந்த பிள்ளை அல்லவா அண்ணை? எந்தக் காதால் கேட்டார்?

சண்டை வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எல்லாரும் எழும்பினார்கள். பிள்ளைகளுக்கு ஜக்கெற்றை மாட்டினார்கள். வாசலில் செல்வம் மாமா என் தலையைத் தொட்டு, "நாங்கள் போறம் பிள்ளை" என்றார்.

"போட்டு வாறம்" என்று சொல்லவில்லை அப்பா. பின்னால் வந்தவர்களும் சொல்லவில்லை. செத்த வீட்டிலிருந்து புறப்படும்போதுதானே எங்கள் சனம் 'வாறம்' சொல்லாது? நான் திரும்பிப் பார்த்தேன். உள்ளே அண்ணை நாடா பிடித்து மேல்மாடிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

ரெகொபெயாமுக்கு ஒரு தங்கச்சி இருந்தாளா என்று நீங்கள் சொன்னதேயில்லை. இருந்திருந்தால் அவள் என்ன செய்தாள்?

நாளைக்கு அண்ணை வீட்டுக்குப் போகிறேன். செல்வம் மாமாவிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லுவேன். ஏசினாலும் அழமாட்டேன். கேட்காவிட்டால், சத்தியமாக அப்பா, அவர் வாசலில் நின்று நானும் "போறன்" என்றுதான் சொல்லுவேன்.

உங்கள் மகள்,
அண்ணைக்கு இருக்கும் ஒரே தங்கச்சி