அப்பா பேரில் வந்த பதின்மூன்று

என் மகளுக்கு, அம்மா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் படித்த ஐந்து வகுப்பில் உருப்படியாக மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. நீ போனை எடுப்பதில்லை. எடுக்க வேண்டாம். இதைப் போனில் சொன்னால் பாதியில் நீ வைத்துவிடுவாய், இல்லை நான் உடைந்துவிடுவேன். கடிதம் என்றால் தூக்கிப் போட்டாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு நீ திரும்பிப் போய் வேலையில் உட்கார்ந்த அன்று காலை, உன் போனில் அப்பா பேரில் பதின்மூன்று என்று வந்ததே, அது மிஷின் கோளாறு இல்லை. அது பட்டறை நெட்டை மாமாவின் விரல்.

கிழித்துப் போடாமல் மேலே படி.

ஊசி இல்லாமல் ரத்தம் பார்க்கிற அந்தச் சின்னப் பெட்டியை நீ கொண்டுவந்தபோது இந்த வீட்டில் இருந்த சந்தோஷம் உனக்கு மறந்திருக்காது. அதற்கு முன்னால் வாரா வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அப்பாவின் கையில் நரம்பு தேடித் தேடிக் குத்துவார். எலும்புக்குள் ரத்தம் ஊறாத வியாதி. குறைந்தால் ஏற்ற வேண்டும், குறைந்ததா என்று பார்க்கவும் எடுக்க வேண்டும். இருப்பதே கொஞ்சம், அதையும் பார்க்கிறேன் பேர்வழி என்று உறிஞ்சுகிறார்களே என்று அப்பா சிரிப்பார். நீ விரலை உள்ளே விடச் சொன்னாய். சிவப்பாக வெளிச்சம் வந்தது, வலி இல்லை, போனில் எண் வந்துவிட்டது. என் பொண்ணு கம்பெனியில் செய்தது என்று அப்பா தெருவில் பாதிப் பேருடைய விரலை அதில் விட்டுப் பார்த்தார்.

ரத்த அளவு எட்டுக்குக் கீழே போனால் உன் போன் அலறும் என்றாய். அலறியது, ஓடிவந்தாய். மறுபடி அலறியது, மறுபடி ஓடிவந்தாய். கடைசியாக வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "இதுதான் கடைசி சார், இனிமே லீவு கேக்க மாட்டேன்" என்று உன் மேலதிகாரியிடம் கெஞ்சினாய். உள்ளே கட்டிலில் அப்பாவுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அவர் தூங்குகிறார் என்று நாம் நினைத்தோம்.

அதற்குப் பிறகுதான் பெட்டியும் போனும் அப்பாவின் வெல்டிங் பட்டறைக்குப் போயின. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கவில்லை, பட்டறை வாசலில்தான் நன்றாக எடுக்கிறது என்றார். அது உண்மைதான், அதனால் நானும் ஒன்றும் கேட்கவில்லை. வேலை செய்ய முடியாவிட்டாலும் காலையில் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, நெட்டை வெல்டிங் வைப்பதை நொட்டை சொல்லிவிட்டு வருவார். எண் நன்றாக வர ஆரம்பித்தது. புது மாத்திரை பிடித்துக்கொண்டது என்று நீ போனில் துள்ளினாய்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. நகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக்கிடந்தது. குளியலறையிலிருந்து கட்டிலுக்கு வரச் சுவரைப் பிடித்து நின்று நின்று வருவார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் எத்தனை தரம் சொன்னாலும் போனைத்தான் நீட்டுவார். "பாரு, பதின்மூணு. உன் பொண்ணு செஞ்ச மிஷின் பொய் சொல்லுமா?" அதற்கு மேல் நான் என்ன பேசுவது? என் கண்ணை நம்பினால் உன் வேலையை நம்பவில்லை என்று ஆகுமே. அப்படியே மடக்கிவிட்டார் மனுஷன்.

செத்தவர் பேரில் எப்படி எண் வரும் என்று நீ போனில் கத்திவிட்டு வைத்த அன்றைக்கே நெட்டை வந்தார். பின்பக்கமாக வந்து சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு உயரமான ஆள் அப்படிக் குறுகி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் போன் பட்டறையிலேயே சார்ஜில் கிடந்திருக்கிறது. விரல் வைக்கச் சொல்லி அது தினம் காலையில் மணி அடிக்குமே, அன்றைக்கும் அடித்திருக்கிறது. "கை தானா போயிடுச்சுக்கா" என்றார். தினமும் போன கை. எண் கிளம்பிப் போன பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்திருக்கிறது.

எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார். தனக்குப் பதிலாக விரல் வைக்கச் சொல்லி அப்பா கேட்டதும் முதலில் முடியாது என்றாராம். அப்பா அவரிடம் பேச்சையே நிறுத்திவிட்டாராம். சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், இவரால் தாங்க முடியவில்லை. சரி என்று வந்ததும், "உனக்கு ரத்தம் மட்டும்தான்டா ஊறுது மச்சான், புத்தி ஊறவே இல்ல. அதையாவது நல்ல காரியத்துக்குக் குடு" என்று அப்பா கேலி செய்தாராம். இரண்டு பேரும் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பைச் சொல்லும்போதுதான் அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

உனக்கு வேலை நிரந்தரமானதும் தானே போய் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்வதாக அப்பா சொல்லியிருக்கிறார். "புள்ளைய இன்னொரு தடவ ஓட வைக்க மாட்டேன்" என்பாராம். உடம்பு அதுவரைக்கும் காத்திருக்கும் என்று எந்தக் கணக்கில் நினைத்தாரோ. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுகிறேன். பாத்திரம் கழுவும்போதெல்லாம் திட்டுகிறேன்.

இதை உன்னிடம் சொல்லவா வேண்டாமா என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொல்லாவிட்டால், நான் செய்த மிஷின் அப்பாவைக் கொன்றது என்று காலத்துக்கும் சொல்லிக்கொண்டிருப்பாய். சொன்னால், எனக்காகத்தானே செத்தார் என்பாய். இரண்டு பக்கமும் இடி, நடுவில் மத்தளம் மாதிரி நான். கடைசியில், பொய்யை நம்பி அழுவதைவிட உண்மையைக் கேட்டு அழட்டும் என்று எழுதுகிறேன். உன் மிஷின் சரியாகத்தான் சொன்னது. பதின்மூன்று பதின்மூன்றுதான். ஆள்தான் வேறு.

வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாக உன் தோழி சொன்னாள். விடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வேலை பேரைக் கேட்டாலே எனக்கும் வயிறு எரிகிறது. விடுவதானால் விடு. ஆனால் அது பொய் சொன்னது என்று நினைத்து விடாதே. உன் ஆபீஸில் அப்படிச் சொல்லியிருந்தால், போய் நடந்ததைச் சொல். அதனால் அப்பாவுக்குக் கெட்ட பேர் வந்தாலும் பரவாயில்லை. இன்னொரு வீட்டில் யாரோ ஒருத்தர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்.

இங்கே வேறு சேதி என்ன. குழாய் ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறேன். தையல்கார அக்கா இரண்டு வேளையும் சோறு கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவின் சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

நெட்டை தினமும் காலையில் வந்து தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போகிறார். வெல்டிங் வைப்பதில்லை, பட்டறையைத் திறந்து போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்கிறார்கள். சோறும் சரியாக இறங்குவதில்லையாம். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குத் திட்ட வரவில்லை. திட்ட ஒரு ஆளும் இல்லாமல் அவர் எங்கே போய் நிற்பார்?

அவருக்குப் போன் போடு. நன்றாகத் திட்டு. என் அப்பாவை இப்படிப் பண்ணிவிட்டாயே என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேள். எதிர்த்துப் பேச மாட்டார். உனக்குள் இருப்பதெல்லாம் தீர்ந்த பிறகு, சாப்பிட்டீங்களா மாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வை.

அது முடிந்ததும் எனக்குப் போடு. என்னையும் திட்டு. தினமும் பக்கத்திலேயே இருந்தவள் நான்தானே.

நல்லா இரு கண்ணே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா