முதலில் இறங்கிய தூதன்

ஹெல்சிங்கோர்,
மிக்கேல் திருநாளுக்கு மறுநாள், 1646

அன்பு மகன் வில்லாட்ஸுக்கு,

ஆண்டவர் தயவால் உன் அம்மாவும் நானும் எழுந்து நடமாடும் அளவுக்கு இருக்கிறோம், என் முழங்கால்தான் மழை வந்தால் முந்திக்கொண்டு சொல்கிறது. லெய்டனில் உனக்கும் படிப்புக்கும் குறைவில்லை என்று நம்புகிறோம். இங்கே ஹெர்ரிங் மீன் வரத்து நன்றாக இருக்கிறது, ஆனால் உன் மாமா நீல்ஸின் உப்புக்கிடங்குக்கு ஆபத்து வந்திருக்கிறது. நம் புதிய நகரத் தலைவன் ஓட்டே டிடமான், துறைமுகத்துக் கிடங்குகளையெல்லாம் மதிலுக்கு வெளியே தள்ளப் பார்க்கிறான், கிணறுகள் உப்பேறுகின்றனவாம். நான் வசந்தத்திலிருந்து நகர்மன்றத்தில் எதிர்த்து வருகிறேன்.

அவன் யாரென்று உனக்குத் தெரியும். நம் அரசனுக்காக அவன் மாஸ்கோவுக்குத் தூது போனபோது லத்தீன் எழுத நானும் கூடப் போனேன். எல்லையில் ரஷ்யப் பிரபு எதிர்கொள்ள வந்தான், யார் முதலில் குதிரையிலிருந்து இறங்குகிறானோ அவன் அரசனுக்குத்தான் மதிப்புக் குறைவு. டிடமான் இறங்குவதுபோல் ஒரு காலைத் தூக்கினான், அந்தப் பிரபு ஏமாந்து குதித்துவிட்டான், இவன் அங்கவடியிலேயே தொங்கிக்கொண்டு சிரித்தான். அதை அழகாக எழுதிக் கொடுத்தவன் நான். அவனுக்குத் தங்கச் சங்கிலி, எனக்கு இருமல். பிறகு ஸ்டாக்ஹோம், ஹேக் என்று போய்வந்து, எனக்கு வரவேண்டிய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிறான்.

போன செவ்வாய்க்கிழமை மழையில் அவன் நம் வாசலில் வந்து குதிரையை நிறுத்தினான். நான் மேல்படியில் நின்றேன். நகரத் தலைவனாக வந்தால் நான் இறங்கிப் போய்க் கடிவாளம் பிடிக்க வேண்டும், உதவி கேட்டு வந்தால் அவன்தான் இறங்கி வர வேண்டும், இரண்டும் நம் ஊர் வழக்கம். எதற்கு வந்தான் என்று தெரியாமல் நான் எப்படி அசைவது? அவனும் சேணத்தை விட்டு அசையவில்லை. தெரு கூடிவிட்டது. மீன்காரி பிர்கிட்டே, அப்படியே நில்லுங்க ஐயா ரெண்டு பேரும், நல்லா ஊறினதும் உப்புப் போட்டுப் பீப்பாயில அடைச்சிடறேன் என்று கத்தினாள். உள்ளிருந்து உன் அம்மா, அந்த மனுஷன் உள்ள வரட்டும், இல்ல நீங்க வெளிய போங்க, வீடெல்லாம் ஈரமாகுது என்றாள். அப்போதுதான் அந்தக் காரியம் நடந்தது. ரஷ்யப் பிரபுவுக்கே முதலில் இறங்காதவன் இரண்டு காலும் சேற்றில் பட இறங்கினான். அப்படியானால் உதவி கேட்டுத்தான் வந்திருக்கிறான்.

உள்ளே வந்து, லவுரிட்ஸ், வர்ற வசந்தத்துல ஸ்டாக்ஹோமுக்குத் தூது போறேன், எழுத ஆள் வேணும், உன் பையனை என்கூட அனுப்பு என்றான். இது நகர்மன்றத்துல என் வாக்குக்கு விலையா என்று கேட்டேன். நல்லது செஞ்சாலும் உள்ள முள் இருக்கான்னு தடவிப் பாக்குற ஆளுப்பா நீ என்று சிரித்து, பீரைக் காலி செய்தான். முள் இல்லாத ஹெர்ரிங்கை நான் இதுவரை தின்றதில்லை என்றேன். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான், அதைக் கவனி. மறுநாளே ஊரில், லவுரிட்ஸ் மகனுக்கு வேலை வாங்கிட்டான், மச்சான் கிடங்கை வித்துட்டான் என்று பேச்சு. நீல்ஸ் தேவாலயத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

அந்தப் பதவி உனக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும், உன் வயதில் நானும் அதே ஆசையோடுதான் வண்டி ஏறினேன். அதனால் கேள். அவன் கடிதம் உன்னிடம் வரும், உடனே பதில் எழுதாதே. வரும் திங்கட்கிழமை நகர்மன்றத்தில் நான் எழுந்து நின்று, அனைவருக்கும் கேட்கும்படி, கிடங்குகளைத் தள்ளக் கூடாது என்று சொல்வேன். என் ஒரு வாக்கால் அவன் திட்டம் விழும், அது அவனுக்கும் தெரியும். அதற்குப் பிறகும் உன்னை அழைத்தால் தயங்காமல் போ, நான் அவனைப் பற்றிச் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டுப் போ. அழைக்காவிட்டால், அந்த வேலை உன் லத்தீனுக்காக வந்ததல்ல என்று தெரிந்துகொள்.

ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. அம்மா அனுப்பிய கம்பளிக் காலுறைகளை நீயே போட்டுக்கொள், நண்பர்களுக்குக் கொடுத்துவிடாதே.

உன் நன்மையையே வேண்டும் தகப்பன்,
லவுரிட்ஸ் ஹாமர்