பின்னால் இருந்த கைகள்

சரகோசா,
5 செப்டம்பர் 2016

ப்ளாஸ்,

ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அப்பா இறந்தபோது நான் பாடம் நடத்தப் புவெனஸ் அயர்ஸ் போயிருந்தேன். வந்துசேர இரண்டு நாள் ஆகும் என்று உனக்குத் தெரியும். நீ காத்திருக்கவில்லை. நான் வந்தபோது கல்லறையை மூடிப் பூசிய சாந்துகூடக் காய்ந்துவிட்டது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

பதினெட்டாம் தேதி மனைவி, மகளோடு காரில் கடற்கரைக்குப் போகிறோம். உன் அண்ணி அம்பாரோவின் பிடிவாதத்தால் உன் ஊரில் இரண்டு மணி நேரம் நிற்போம். உன்னைப் பார்க்க அல்ல. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஃபெர்மின் பியெல்சா


தாரகோனா,
10 செப்டம்பர்

அன்புள்ள அண்ணா,

திட்டுவதற்காவது எழுதினாயே. மறுநாளே அடக்கம் என்பது நம் ஊர் வழக்கம். அடக்கம் செய்பவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பொறுங்கள் என்று சொல்லலாம் என்பதே அன்று எனக்குத் தோன்றவில்லை. அது என் தவறு.

பதினெட்டாம் தேதி பகல் சதுக்கத்தில் மனிதக் கோபுரம் ஏற்றுகிறோம். நான் அதைக் கீழே தாங்கும் அடிக்கூட்டத்தில் நிற்பேன். உன் மகள் இரேனே பார்க்கட்டும். என்னோடு பேச வேண்டியதில்லை.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தம்பி,
ப்ளாஸ்


சரகோசா,
20 செப்டம்பர்

தம்பி,

நாங்கள் வந்தோம். ஓரமாக நின்று பார்த்துவிட்டுக் கிளம்புவதாகத்தான் ஏற்பாடு. உங்கள் குழுவின் சட்டை போட்ட குண்டுப் பெண்ணொருத்தி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"அடில ஆள் பத்தல. வாய்யா!"

"நான் இந்த ஊர் இல்லைங்க."

"கை இருக்குல்ல? எம்பொண்ணு மேல ஏறப்போறா. கண்ணாடியக் கழட்டு. தாடைய நெஞ்சோட ஒட்டு. அண்ணாந்து பாத்த, கழுத்து போயிரும்!"

அம்பாரோ கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். "போ. வருஷம் முழுக்க முறைச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு இது தேவலை" என்றாள்.

முன்னால் நிற்பவரின் முதுகில் என் மார்பை அழுத்தி, கைகளை அவர் தோள்களில் வைக்கச் சொன்னார்கள். எனக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். முன்னால் இருந்தவரின் இடது காதுக்குப் பின்னே ஒரு தழும்பு. கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. உனக்கு ஏழு வயதில் நான் எறிந்த கல். வீட்டில் கீழே விழுந்ததாகச் சொன்னாய்.

விலகிவிடலாம் என்று நினைத்தேன். பின்னாலிருந்து நூறு பேர் நெருக்கினார்கள், நகர வழியில்லை. குழல்கள் ஒலிக்கத் தொடங்கின. சதுக்கம் அப்படியே அடங்கிப்போனது. அத்தனை ஆயிரம் பேர் மூச்சு விடாமல் இருந்ததை நான் அதற்குமுன் கேட்டதில்லை. நான் பார்த்ததெல்லாம் உன் சட்டைக் காலரும் அதில் ஊறிய வியர்வையும்தான். ஆனால் மேலே ஒவ்வொருத்தர் ஏறியதும் உன் முதுகில் தெரிந்தது. எலும்புகள் இறங்கின, தசைகள் முறுகின. ஏழு அடுக்கு மனிதர்கள், உச்சியில் ஒரு சிறுமி, எல்லோரும் உன் வழியாக என் கைக்குள் வந்து நின்றார்கள். முப்பது வருடம் கட்டடக்கலை வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு தூணைத் தொட்டு இப்படி நடுங்கியதில்லை.

திடீரென்று எல்லாம் ஆடியது. நீ திரும்பாமல் கத்தினாய்:

"பின்னாடி இருக்கறவரே, விட்டுறாதீங்க!"

"விடல" என்றேன். குழலோசையில் உனக்குக் கேட்டிருக்காது.

கோபுரம் முடிந்ததென்று சிறுமி கையை உயர்த்திவிட்டாள் என்பது சதுக்கம் ஆர்ப்பரித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கடைசி ஆளும் இறங்கியதும் எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். நீ திரும்புவதற்குள் நான் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டேன்.

"பேசினியா?" என்று காரில் அம்பாரோ கேட்டாள்.

"இல்ல."

"அவ்வளவு நேரம் உள்ள என்னதான் பண்ணின?"

"அவனைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் வண்டியை எடுத்தாள். இரேனே மட்டும் தான் பார்த்ததை ஊர் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

அப்பாவின் முகம் எனக்கு இன்னும் பாக்கிதான். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அண்ணன் என்று கீழே பெயர் போட்டால் அப்படித்தான் நீ படிப்பாய். அன்று நீ கூப்பிட்டது பெயர் தெரியாத ஒருவனை, அவன் விடவில்லை. இப்போதைக்கு உனக்கு எழுதுவது அவன்தான். கையெழுத்துப் போடாமலே இதை நாளைக் காலை தபாலில் சேர்த்துவிடுகிறேன்.