போய்வர ஒரு டிக்கெட்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் வீடும் நலம். அங்கே நீங்கள் சாப்பிட்ட கையோடு சோபாவில் குறட்டை விடுவதாக மகள் சொன்னாள். அந்தத் தூக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசியிருக்கலாம். ஆனால் அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். மாப்பிள்ளை காதில் விழுகிற மாதிரி பேசக்கூடிய விஷயம் இல்லை இது.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, இப்போது குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் வந்ததும் வராததுமாக, "சார் இன்னும் வரலையாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்று யோசனை சொல்ல ஆளில்லாததால் சீக்கிரமே வேலையை முடித்துவிட்டுப் போனார்.

அடுத்தது கண். புரை முற்றிவிட்டது, அடுத்த மாதமே ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தே காலம் கழித்த நீங்கள், "நம்பர்தான் ஏறியிருக்கு, வேற லென்ஸ் போட்டா சரியாயிடும்" என்று சொல்லிச் சொல்லி என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தீர்கள். மகளிடம் மூச்சுவிடாதீர்கள். ஓடி வருவாள், போகும்போது என்னையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவாள்.

கண் பரிசோதித்த பழைய காகிதங்கள் இருந்தால் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். அதற்காக உங்கள் மேசை இழுப்பறையைக் குடைந்தேன். அடியில் ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டி கிடந்தது. திறந்தால் உள்ளே கண்ணாடி இல்லை, பழைய ரயில் டிக்கெட்டுகள். அந்தக் காலத்து அட்டை டிக்கெட்டுகள். சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் இளகி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பொடி எழுத்து என் கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் மாடி வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன்.

எல்லாமே உங்கள் ஸ்டேஷனிலிருந்து என் ஸ்டேஷனுக்கு, எல்லாமே போய்வர எடுத்த டிக்கெட் என்று அவள் வாசித்தாள். நம் ரயில் கதையை நான் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். "ஏங்க்கா, அண்ணன்கிட்டதான் சீசன் டிக்கெட் இருந்துச்சே, அப்புறம் இது எதுக்கு?" என்று கேட்டாள். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் சீசன் டிக்கெட் உங்கள் ஸ்டேஷனோடு முடிந்துவிடும். என் வீடு கடைசி ஸ்டேஷனில். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டியூட்டி முடிந்து நான் அந்தச் சாயங்கால லோக்கலில் ஏறினால் எதிர் சீட்டில் நீங்கள் இருப்பீர்கள். உங்கள் ஸ்டேஷன் நெருங்கும்போதுதான் சரியாகத் தலை சாயும். கடைசி ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கிய பிறகு நான் டிபன் பாக்ஸால் சீட்டைத் தட்டி, "சார், எழுந்திரிங்க, இதுக்கு மேல தண்டவாளம் இல்ல" என்பேன். நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அட, இன்னைக்குமா?" என்று கேட்டுவிட்டு, அதே வண்டியில் திரும்பிப் போவீர்கள். பாவம், நாளெல்லாம் லென்ஸ் தேய்த்துக் களைத்துப்போன மனிதர் என்று என் மனம் இளகியது. அந்த இரக்கத்தில்தான் நான் உங்களைக் கட்டிக்கொண்டேன்.

இப்போது கேட்கிறேன். உங்கள் ஸ்டேஷன் கவுண்டரில் வாங்கிய டிக்கெட் இது. சாயங்காலம் நீங்கள் அங்கே இறங்கவே இல்லை. அப்படியானால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே வாங்கி வைத்திருக்கிறீர்கள். சாயங்காலத் தூக்கத்துக்குக் காலையிலேயே டிக்கெட் எடுத்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் ஸ்டேஷனில் நீங்கள் வெளியே வந்திருந்தால் டிக்கெட்டை வாயிலில் வாங்கியிருப்பார்கள். நீங்கள்தான் பிளாட்பாரத்தில்கூடக் கால் வைக்கவில்லையே. திரும்பிப் போய் இறங்கும்போது சீசன் டிக்கெட்டைக் காட்டியிருப்பீர்கள், இது சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. நன்றாக யோசித்திருக்கிறீர்கள்.

"தூங்கிட்டிருந்த என் பையனை எழுப்பி இழுத்துட்டுப் போயிட்டா" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார் அத்தை. என் தம்பிக்கு இன்றைக்கும் நீங்கள் தூங்குமூஞ்சி மாமாதான். எந்தப் பயணத்திலும் பெட்டி படுக்கையைவிட உங்களைத்தான் நான் அதிகம் காவல் காத்தேன். காற்று பட்டால் தூங்கிவிடுவீர்கள் என்று ஜன்னல் ஓரத்தையும் நானே பிடித்துக்கொண்டேன். அதில் மட்டும் எனக்கு வருத்தமில்லை.

கோபம் வந்தது உண்மை. தையல்காரம்மா போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்ததும் உண்மை. எனக்காக ஒருவர் இவ்வளவு தூரம் தூங்கியிருக்கிறார் என்பது சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணில் கொஞ்சம் தண்ணீரும் வந்தது. டாக்டரைக் கேட்டால் புரை என்பார்.

"அப்பாவைத் தனியா அனுப்ப முடியாதும்மா, ஜங்ஷன்ல வண்டி மாறணும், தூங்கிடுவார். எனக்கு லீவு கிடைக்கட்டும்" என்று மகள் ஒவ்வொரு முறையும் சொல்கிறாள். பின்னாலிருந்து நீங்கள், "ஆமா, தூங்கிடுவேன்" என்று ஒத்து ஊதுவதும் எனக்குக் கேட்கிறது. இனி அந்தக் கதை நடக்காது. நீங்கள் வந்து சேர்ந்தால் டிக்கெட்டுகள் பெட்டியிலேயே இருக்கும். வராவிட்டால் ஒன்றே ஒன்றைத் தபாலில் போடுவேன், என் தம்பி விலாசத்துக்கு.

டாக்டர் தைரியம் சொல்கிறார். ஆனால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கண் கட்டை அவிழ்க்கும்போது நீங்கள் என் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த லோக்கலில் இருந்த மாதிரி. அன்றைக்கு மட்டும் கண்ணை மூடாமல் இருங்கள்.

பேரனுக்கு என் முத்தம். ஸ்வெட்டரை மறக்காதீர்கள். ஜன்னல் ஓரமாகவே இடம் பிடியுங்கள், நான்தான் பக்கத்தில் இல்லையே. பழைய பழக்கத்தில் போய்வர டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். வர மட்டும் எடுங்கள்.

இப்படிக்கு,
உங்களை எழுப்பி எழுப்பியே ஏமாந்தவள்