ரயிலில் எல்லோரும் இரண்டு தரம் சொல்வார்கள்

1959 மார்ச் 14, சனி

"சார், ஓடுற ரயிலுக்குள்ள நின்னு குதிச்சா அதே எடத்துலதான் விழுவோமா?" அப்துல் காதர் என்ற மாணவன் முன்பொரு நாள் கேட்டான். அதே இடத்தில்தான் என்றேன். புத்தகத்தில் அப்படி இருந்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் ரயில் கணக்குப் போட்டுக் கொடுத்த நான் ரயிலில் ஏறியதே இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஏறப்போகிறேன். மூத்தவள் சந்திரமதிக்குக் கோலாலம்பூரில் ஒரு வரன். கோயிலில் வைத்துப் பெண் பார்க்கிறார்கள். தரகர் வடிவேலுவின் ஏற்பாடு.

அவளுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதுக் காய்ச்சல். "மொதல்ல பாக்கட்டும் சார், அப்புறம் சொல்லிக்கலாம்" என்கிறார் வடிவேலு. எனக்கு மனம் ஒப்பவில்லை. கோயிலிலேயே நான் சொல்லிவிடுவேன்.

மார்ச் 20

சின்னவள் கமலா அக்காவின் புடவைக்கு இஸ்திரி போட்டாள். "ரயில்ல தூங்கிறாத, கொண்டை கலைஞ்சிரும்." சந்திரமதி "ஆ?" என்றதும் வலப்பக்கம் போய் நின்று மறுபடி சொன்னாள். இவர்கள் அம்மா இருந்திருந்தால் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாள்.

மார்ச் 21, வண்டியில்

எழுத்து ஆடுகிறது. தஞ்சோங் பகார் நிலையத்தில் ஏறினோம். ஜொகூர் தாண்டியதும் எழுந்து நின்று குதித்துப் பார்த்தேன். அதே இடம்தான். சந்திரமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சக்கரச் சத்தத்தில் யார் பேச்சும் யாருக்கும் விளங்குவதில்லை. பெட்டி முழுக்க "ஆ?", "என்னது?" சொன்னதையே இரண்டு தரம் சொல்கிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. "அப்பா, இங்க எல்லாரும் என்னை மாதிரிதான்" என்கிறாள். இவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

குளுவாங்கில் ஏறிய ஓர் அம்மாள் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். தின்னக் கறிபாப் பலகாரம் கொடுத்தார். நல்ல மனுஷி. கெமாஸில் வண்டி நின்று சத்தம் ஓய்ந்ததும் குனிந்து மெல்ல ஏதோ கேட்டார். இவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிள்ளைக்குக் காது..." என்று என் பக்கம் திரும்பினார்.

சொன்னேன். இரண்டு கதவுள்ள கடையில் ஒரு கதவைச் சாத்தி வைத்தால் வியாபாரம் நின்றுவிடுமா, அதுபோலத்தான் அம்மா என்றேன். "அதனால என்ன சார், தங்கமான பொண்ணு" என்று தலையைத் தடவினார். கோயிலில் சொல்ல இது ஒத்திகை ஆயிற்று.

மார்ச் 23

திரும்பிவிட்டோம்.

கோலாலம்பூர் மேடையில் வடிவேலுவோடு மாப்பிள்ளை வீட்டார் நின்றிருந்தார்கள். அந்த அம்மாள் எங்களுக்கு முன்னால் இறங்கி நேரே அவர்களிடம் போனார். மாப்பிள்ளையின் அத்தை. தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். மாப்பிள்ளை எங்களைப் பார்த்துச் சிரித்தான் — சிரித்தானா? ஆமாம், சிரித்தான். பிறகு எல்லோரும் திரும்பி நடந்தார்கள்.

சந்திரமதி வணக்கம் சொல்லக் கை கூப்பியவள், இறக்கவே இல்லை.

"கோயில்லாம் வேண்டாம்லா சார். ஏன் ரயில்ல வாயத் தொறந்தீங்க?" என்றார் வடிவேலு.

"அத்தைன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லக் கூடாதுன்னு அந்த அம்மா கட்டளை. தெரிஞ்சா நீங்க இவ்வளவு பேசியிருப்பீங்களா?"

மார்ச் 24

சந்திரமதி சமைத்தாள். புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

ஏப்ரல் 5

வடிவேலு வந்தார். "ஒளிக்காம சொன்ன மனுஷன், அவர் வீட்டுப் பொண்ணுதான் வேணும்ங்குறாங்க அந்த அம்மா." எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. உண்மை சொன்னதற்குப் பலன் என்று நினைத்தேன்.

"சின்னதைக் கேக்குறாங்க சார். அதுக்கு ரெண்டு காதும் நல்லாத்தானே இருக்கு?"

காப்பி கொண்டுவந்த சந்திரமதி, "ஆ? என்னப்பா சொல்றாரு?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. நீ போ."

ஏன் அப்படிச் சொன்னேன்? எழுந்திருய்யா, வெளியே போன்னு ஏன் எனக்கு வாய் வரல? பையனுக்கு அரசாங்க வேலை. கதவோரம் நின்ற கமலாவின் முகத்தில் கோபம் இல்லை. அதையும் பார்த்தேன்.

ஏப்ரல் 12

சரி என்று சொல்லியனுப்பிவிட்டேன். அதன்பிறகுதான் சந்திரமதியிடம் சொன்னேன். "அன்னைக்குக் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்லப்பா" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 22

கமலாவின் கல்யாணம் நேற்று நல்லபடியாக முடிந்தது. மூத்தவள் மணமேடைப் பக்கம் வரவேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். அவளைப் பந்தி பரிமாற விட்டேன்.

தீபாவளிக்கு மறுநாள்

தலை தீபாவளிக்குக் கமலாவும் மாப்பிள்ளையும் வந்திருக்கிறார்கள். காலையில் சந்திரமதி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். கமலா அவளுக்கு இடப்பக்கம் நின்று ஏதோ சொன்னாள்.

"ஆ?"

"ஒண்ணுமில்லக்கா."

சந்திரமதி மறுபடி கேட்கவில்லை. இட்லித் தட்டை மூடினாள். கமலா இதை என்னிடம்தான் கற்றாள்.

இதை யார் படித்தாலும் சரி. பக்கத்தில் இருப்பவர் "ஆ?" என்று கேட்டால், சொன்னதையே, அதே குரலில், இன்னொரு தரம் சொல்லிப் பாருங்கள்.