கேள்வி அட்டைகள்

பிப்ரவரி 8, வியாழன்

நூலகத்தில் துப்பறியும் கதை எழுதுபவர் வந்தார். நாற்காலி அறுபது, வந்தவர்கள் நாற்பத்து மூன்று. காபி வருவதற்குள் மூன்று கொலை வாசித்துவிட்டார். ஒருத்தியைக் கோணியில் கட்டி ஏரியில் போடும் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். லெனர்ட் என் காதில், "பொணம் மெதக்கறதுக்குள்ள பிஸ்கட் தட்டு காலியாயிடுச்சு பாரு" என்றார். என் கணவருக்கு நேரங்காலம் தெரியாது.

கூட்டத்தினர் எழுதித் தந்த கேள்வி அட்டை பதினாறு. நான்தான் வாங்கி, நான்தான் ஒலிபெருக்கியில் படித்தேன். நூலகர் யோலண்டா போட்ட விதி: எழுதியிருப்பதை எழுதியபடி படிக்கவேண்டும், படிப்பவர் சொந்தமாக ஒரு சொல் சேர்க்கக்கூடாது. நான்கு வருடமாக நான் ஒன்றும் சேர்த்ததில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

யோலண்டா மார்ச் மாத நிகழ்ச்சிப் பட்டியலைத் தட்டச்சு செய்யக் கொடுத்தாள். மூன்றாவது வரி: மார்ச் 15, மார்லீன் டோபெக், தன் வாழ்க்கைக் கதை.

என் தம்பி காஸ்மிரின் மனைவியாக இருந்தவள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையோடு போனவள். புத்தகத்தின் அட்டையில் மின்னடுப்பின் சுருள், சிவப்பாக.

அந்த ஒரு வரியை நான்கு முறை தப்பாக அடித்தேன்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

சாம்பல் பூசும் வரிசையில் காஸ் எனக்கு முன்னால் நின்றான். அவனுக்கு இன்னும் தெரியாது.

பிப்ரவரி 16, வெள்ளி

தெரிந்துவிட்டது. தவக்கால வெள்ளிகளில் கோயிலின் பங்கு மண்டபத்தில் ஊருக்கே மீன் பொரிப்பவன் அவன்தான். நூலகத்தின் நிகழ்ச்சித் தாளை அங்கே பலகையில் குத்தியவள் நான்தான் — ஒவ்வொரு மாதமும் குத்துவேன், இந்த மாதம் குத்தாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

எண்ணெய்க் கரண்டியோடு வந்து என் மேல்கையைப் பிடித்தான். வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிடித்தான். "இத நிறுத்து பெர்னி."

பட்டியல் போடுவது நூலகம், நானில்லை என்றேன்.

"அப்ப அவ வரட்டும். வந்த காலோட போகமாட்டா."

கையில் நான்கு விரல் அச்சு. லெனர்டுக்குக் காட்டவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து அவள் புத்தகத்தைப் படித்து முடித்தேன். மதியச் சாப்பாடு இல்லை.

அறுபத்தோராம் பக்கம். எங்கள் அம்மா வீட்டு அடுப்படி. காஸ் அவளுடைய வலது உள்ளங்கையைப் பழுத்த சுருளில் வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்தினான். அவன் எண்ணிக்கொண்டே அழுத்தினான் என்று எழுதியிருக்கிறாள். உண்மைதான். அவன் எண்ணினான். வாசலில் ஒருத்தி நின்றாள், பிறகு வந்து வெண்ணெய் தடவினாள், "ஆஸ்பத்திரியில கை தவறிப் பட்டுடுச்சுன்னு சொல்லு" என்றாள் — அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள். பெயர் இல்லை. ஒருத்தி.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளை இறக்கினேன். 1991 அக்டோபர் 11: "மார்லீன் அடுப்பில் கை வைத்துவிட்டாள். ஆப்பிள் பணியாரம் இரண்டு தட்டு, நன்றாக வந்தது." 1992 மார்ச்: மார்லீன் படியில் விழுந்தாள். அதே வருடம் நவம்பர்: கதவில் மோதிக்கொண்டாள், ஒரு பல். மொத்தம் ஒன்பது இடம். முட்டை எத்தனை, மெழுகுவர்த்தி எத்தனை என்பதுவரை சரியாக எழுதுகிறவள் நான். கடவுளே, இந்தப் பொய்யை யாருக்காக எழுதினேன்? இந்த நோட்டை யாருமே படிப்பதில்லையே.

மார்ச் 2, வெள்ளி

நூலக வாசலின் கண்ணாடிப் பெட்டியை யாரோ உடைத்திருக்கிறார்கள். உள்ளே வைத்திருந்த மார்லீனின் படத்தில் இரண்டு கண்ணிலும் திருப்புளியால் குத்தி, அதை அப்படியே சுவர்வரை இறக்கியிருந்தார்கள். பிடுங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. போலீஸ்காரர் என்னிடமும் கேட்டார். தெரியாது என்றேன்.

அந்த ஒன்பதோடு இது பத்து.

மார்ச் 3, சனி

பாவசங்கீர்த்தனம் சொல்லக் கோயிலுக்குப் போனேன். எனக்கு முன் மூன்று பேர். திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 11, ஞாயிறு

காஸ் சாப்பிட வந்தான். பன்றிக்கறி, புளித்த முட்டைக்கோசு. இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, யோசித்துப் பார்த்தேன், ஒரு கலாட்டாவும் பண்ணமாட்டேன், மற்றவர்கள்போல அட்டையில் கேள்வி எழுதிக் கொடுப்பேன் என்றான். "நீ படி. படிக்கறதுதான உன் வேல? அவ பதில் சொல்ல முடியாம முழிக்கறத ஊரே பாக்கட்டும்."

லெனர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "கேள்வி கேக்கற மூஞ்சியா இது? எழுந்து போடா."

காஸ் அவரைக் குளிர்பெட்டிமேல் போய் மோதும்படி அறைந்தான். ஒரே அறை. மூக்குக் கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்து சாப்பாட்டுத் தட்டில் ரத்தம். அறுபத்தெட்டு வயது மனுஷர். காஸ் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, கோசு நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஐந்து தையல். லெனர்ட் மருத்துவரிடம், "மச்சான் அடிச்சான்" என்று பட்டென்று சொன்னார். இத்தனை வருடம் எனக்கு வராத இரண்டு சொல். போலீசுக்கு எழுதிக் கொடுக்கட்டுமா என்று மருத்துவர் கேட்டபோது லெனர்ட் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மார்ச் 19, திங்கள்

ஆஸ்பத்திரி. இடது கையால் எழுதுகிறேன், மெதுவாக.

வியாழக்கிழமை நூற்றுப் பதினேழு பேர். சுவரோரம் நின்றவர்கள் வேறு. மார்லீனுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டு தலையசைத்தாள், வேறொன்றுமில்லை. அறுபத்தோராம் பக்கத்தைத்தான் வாசித்தாள். யாரும் பிஸ்கட் எடுக்கவில்லை.

அட்டைகளை வாங்கினேன். ஏழு அட்டை காஸுடையது. பேனாவை மாற்றி மாற்றி எழுதியிருந்தான், ஆனால் அந்தப் பெரிய எழுத்தை எனக்குத் தெரியாதா — எழுதக் கற்றுக்கொடுத்தது நான். ஐந்தாவது வரிசையில் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக உட்கார்ந்திருந்தான், பூசைக்கு வந்தவன்போல. என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினான். படி.

படித்தேன், எழுதியபடி. "இதையெல்லாம் பார்த்தவர் ஒருவராவது உண்டா? பெயர் சொல்ல முடியுமா?"

மார்லீன் தண்ணீர் குடித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. "அந்தப் பேரை நான் சொல்றதுக்கில்ல. அடுத்த கேள்வி படிங்க" என்றாள்.

அடுத்த அட்டை கையில்தான் இருந்தது. விதி அதுதான், படிப்பவர் சேர்க்கக்கூடாது. அந்த விதியை நம்பித்தான் அவன் எழுதிக் கொடுத்திருந்தான். நானும் அதை நம்பித்தான் நின்றேன், இத்தனை வருடம், எல்லா இடத்திலும்.

"நான் பார்த்தேன்" என்றேன். ஒலிபெருக்கி என் குரலை இரண்டு மடங்காக்கியது. "1991 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. அவன் பத்துவரைக்கும் எண்ணினான். நான் வாசல்ல நின்னேன். இந்த அட்டை அவனோடது. நான் அவன் அக்கா."

நாற்காலிகளை மிதித்துக்கொண்டு வந்தான். மைக் மாட்டியிருந்த இரும்புத் தண்டைப் பிடுங்கி அதன் அடிப்பக்கத்தால் என்னை அடித்தான். முதல் அடி தோளில், எலும்பு முறிந்த சத்தம் கேட்டது, விறகு முறிவதுபோல. இரண்டாவது தாடையில். வாயில் பல் தனியாக உருண்டது. மூன்றாவதுக்கு ஓங்கியபோது யோலண்டா அவன் முதுகில் தொங்கினாள். முன்வரிசைக் கிழவி ஒருத்தி கெட்டி அட்டைப் புத்தகத்தால் அவன் காதில் அடித்துக்கொண்டே இருந்தாள், "உன் மீனைத் தின்னேனேடா, உன் மீனைத் தின்னேனேடா" என்று. லெனர்ட் அவன் காலைக் கடித்தார். சத்தியமாகக் கடித்தார்.

மார்லீன் ஓடவில்லை. தரையில் உட்கார்ந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த உள்ளங்கை என் கன்னத்தில் பட்டது. வழவழவென்று, ரேகையே இல்லாமல். மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. அவளும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "பேசாத, தாடை போயிடுச்சு" என்றாள்.

மார்ச் 25, குருத்து ஞாயிறு

தாடையில் கம்பி. குழாய் வழியாக சூப்பு. பூசைக்குப் போனோம். எங்கள் வரிசையில் எங்களைத் தவிர யாரும் உட்காரவில்லை. வெளியே வரும்போது பங்கு மண்டபத்து அம்மாள் ஒருத்தி, "ஈஸ்டர் வரைக்குமாவது பொறுத்திருக்கக்கூடாதா பெர்னி? மீன் பொரிக்க ஆளில்லாம ரெண்டு வெள்ளி போச்சு" என்றாள்.

லெனர்ட் சொன்னார்: "அவன் அடிச்ச கரண்டி ஒண்ணு எங்க வீட்ல இருக்கு, வேணும்னா அனுப்பறேன்." பொய். ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பியோடு சிரிப்பது நரகம்.

ஏப்ரல் 17, செவ்வாய்

அரசு வழக்கறிஞரின் அறையில் மூன்று மணி நேரம். பழைய நோட்டுகளைக் கொடுத்தேன். ஒன்பது இடத்திலும் பக்கத்தில் உண்மையை எழுதி, இன்றைய தேதி போட்டு, கையெழுத்திட்டேன்.

மே 6, ஞாயிறு

ஜெபமாலை முடிக்கும்போது தொலைபேசி. மாவட்டச் சிறையிலிருந்து அழைப்பு, ஏற்பதானால் ஒன்றை அழுத்தவும் என்றது இயந்திரம். சிறையில் இருப்பவரைப் பார்ப்பது விசுவாசியின் கடமை. ஒன்றை அழுத்தினேன்.

காஸ் அழுதான். சிறுவயதில் அழுததுபோலவே. முட்டைக்கோசைப் பற்றி, அம்மாவைப் பற்றிப் பேசினான். பிறகு, "வர்றியா பெர்னி? பாக்க விடற நாள் வியாழக்கிழமை மட்டுந்தான். ஆறு மணிக்கு. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

நான் காலண்டரைப் பார்த்தேன். பத்தாம் தேதி, ஏரிப் பறவைகளைப் பற்றி எழுதியவர். அறுபது நாற்காலி போதும்.

"வியாழக்கிழம எனக்கு நூலகத்துல வேல இருக்கு" என்றேன்.