வார்டுக்கு வந்த விரால்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? எனக்குப் பித்தப்பைக் கல்லை எடுத்துவிட்டார்கள். நலமாக இருக்கிறேன். தையல் ஆற விரால் சூப் குடி என்பீர்கள். நம் குவாங்டொங் போல வடக்கே இந்த லான்ஜோவில் தெருவுக்குத் தெரு உயிர்மீன் தொட்டி கிடையாது. பக்கத்து வீட்டு சியாவ் அக்கா ஊரெல்லாம் தேடி வாங்கி, வாளியோடு வார்டுக்கே வந்துவிட்டார்.

"பாருங்க டீச்சர், வாலை ஆட்டுது! அப்புறம் செத்த மீனை ஆக்கிப் போட்டேன்னு சொல்லக்கூடாது" என்றார் என்னிடம்.

"இது ஆஸ்பத்திரியா, மீன் மார்க்கெட்டா?" என்றாள் நர்ஸ்.

"நீ கத்துற கத்துல மீனே செத்துடும்மா!"

விரால் தையலை ஆற்றும் என்பதில் எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மாலையில் அக்கா அதை வீட்டில் ஆக்கிக் கொண்டுவந்த சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

சூப்பில் போடக் காய்ந்த ஆரஞ்சுத் தோல் கொஞ்சம் அனுப்புங்கள். இருவருக்கு வேண்டும், இனி சியாவ் அக்கா என்னைத் தனியாகச் சாப்பிட விடமாட்டாராம்.

டாக்டர் வருகிறார்.

உங்கள் மகள்,
ஷூயிங்